கிராஷைக் காட்டிக்கொடுக்கும் நிழல்

‘கட்டற்ற படத் திருத்த மென்பொருள் ஒன்றில் முன்னோட்டப் பெட்டியை மூடினால் சில நேரம் கிராஷ் ஆகிறது. ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் விழுகிறது. மூலநிரல் கையில் இருந்தும் ஏன் பிடிபடவில்லை?’ என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

இந்த அறிகுறிக்குப் பெரும்பாலும் காரணம், விடுவித்த (வேலை முடிந்ததென்று நிரல் திருப்பிக் கொடுத்த) நினைவகத்தை மறுபடி தொடுவது. ஸ்லைடரை நகர்த்தியதும் உடனே வரையாமல், 300 மில்லிநொடி கழித்து வரையும்படி டைமர் வைத்திருப்பார்கள். அதற்குள் பயனர் பெட்டியை மூடினால் பெட்டியின் தரவு இருந்த நினைவகம் ஃப்ரீ ஆகிவிடும், அதாவது விடுவிக்கப்படும். டைமர் ரத்தாகாது. நேரம் வந்ததும் பழைய முகவரியில் போய் எழுதும்.

அங்கேயே கிராஷ் ஆகிவிட்டால் வேலை சுலபம். ஆனால் லினக்ஸில் நினைவகம் ஒதுக்கித் தரும் சார்பான மாலக் (malloc), விடுவித்த சிறு துண்டைக் கையிருப்பில் வைத்து, அதே அளவில் அடுத்து கேட்பவருக்கு அதையே கொடுத்துவிடும். டைமர் எழுதும் எண் ஏதோ ஒரு லேயரின் தரவைக் கெடுக்கும். பிறகு அந்த லேயரைப் படிக்கும் அப்பாவிச் சார்புதான், பிழைதேடும் கருவியான ஜிடிபி (GDB) காட்டும் அழைப்புப் பட்டியலில் மாட்டிக்கொள்ளும். ஒரு பிரின்ட் வரி சேர்த்தாலே நினைவகத்தின் அடுக்கு மாறி, கிராஷ் காணாமல் போகலாம். அதைச் சரியாகிவிட்டதாக எடுத்துக்கொண்டு புகாரை மூடுவது, சகுனம் பார்ப்பதைப் போன்ற மூடநம்பிக்கை.

இங்கேதான் நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசர் கைகொடுக்கிறது. 2012இல் கூகுள் பொறியாளர்கள் வெளியிட்ட இந்தக் கருவி இன்று ஜிசிசி, கிளாங் என்ற இரண்டு கம்பைலர்களிலும் இருக்கிறது. அதன் உத்தி அவ்வளவு அழகு! நிரலின் நினைவகத்தில் ஒவ்வொரு 8 பைட்டுக்கும் 1 பைட் நிழல் வைக்கிறது. மாலக் தரும் முகவரி எப்போதும் 8ஆல் வகுபடும் என்பதால், எந்த 8 பைட்டிலும் எட்டும் செல்லுபடியாகும், அல்லது முதல் சில மட்டும் செல்லும், அல்லது எதுவும் செல்லாது. நடுவில் ஓட்டை வராது. ஆகவே 9 நிலைகள்தான்: எட்டும் செல்லும் என்றால் நிழலில் 0, முதல் சில மட்டும் என்றால் 1 முதல் 7 வரை, எதுவும் செல்லாது என்றால் எதிர்ம எண். 13 பைட் கேட்டால் நிழலில் 0, 5 என்று பதிவாகும். 14ஆவது பைட்டைத் தொட்டதுமே பிடிபடும்.

நிழலைத் தேடி அலைய வேண்டியதும் இல்லை. முகவரியை 8ஆல் வகுத்து ஒரு மாறிலியைக் கூட்டினால் நிழலின் முகவரி. இந்தச் சோதனையை ஒவ்வொரு படிப்புக்கும் எழுத்துக்கும் முன்னால் கம்பைலரே செருகிவிடுகிறது. வேகம் சராசரியாகப் பாதியாகும், அவ்வளவுதான். ஃப்ரீ செய்த துண்டின் நிழலில் ‘விடுவிக்கப்பட்டது’ என்ற குறி விழும். துண்டும் உடனே மறுபயன்பாட்டுக்குப் போகாமல் தனிமைப் பகுதியில் காத்திருக்கும். டைமர் அதைத் தொட்ட கணமே நிரல் நின்று, தொட்டது யார், விடுவித்தது யார், முதலில் வாங்கியது யார் என மூன்று அழைப்புப் பட்டியல்களைக் கொடுக்கும்.

வரைகலை மென்பொருளில் சில சிக்கல்கள் உண்டு. தனிமைப் பகுதி இயல்பாக 256 எம்பி. 4000க்கு 3000 படப்புள்ளி, புள்ளிக்கு 16 பைட் என்றால் ஒரு படமே 192 எம்பி. இரண்டு படங்களை மூடினாலே பழைய துண்டுகள் வெளியேறிவிடும், பிழை தப்பிவிடும். அந்த அளவைக் கூட்டிக்கொள்ளுங்கள். மென்பொருள் பயன்படுத்தும் ஜிலிப் (GLib) நிரலகம் 2.76க்கு முந்தையதாக இருந்தால், ஸ்லைஸ் எனப்படும் அதன் சொந்த நினைவக ஒதுக்கீட்டை நேரடி மாலக்குக்கு மாற்றும் சூழல் மாறியை (G_SLICE=always-malloc) அமையுங்கள். இல்லாவிட்டால் விடுவித்ததே சானிடைசருக்குத் தெரியாது. சானிடைசர் இல்லாமல் கம்பைல் ஆன டிரைவருக்குள் தவறு நடந்தால் மறுகம்பைல் தேவைப்படாத நினைவகச் சோதனைக் கருவியான வால்கிரைண்ட்தான் வழி. அது பல மடங்கு மெதுவாக ஓடும்.

திருத்தும்போது ‘பாயின்டர் (முகவரியைச் சேமிக்கும் மாறி) நல், அதாவது வெறுமை, இல்லையென்றால்’ என்ற நிபந்தனையை மட்டும் சேர்ப்பது பயன் தராது. விடுவித்த பிறகும் பாயின்டரில் பழைய முகவரி அப்படியே இருக்கும். பெட்டியை அழிக்கும் சார்பிலேயே டைமரை நீக்கி, சேமித்து வைத்த அதன் அடையாள எண்ணை 0 ஆக்க வேண்டும்.

புது வசதிகளுக்குக் கிடைக்கும் நிதியில் ஒரு பங்கு, ஒவ்வொரு மாற்றத்தையும் சானிடைசரோடு ஓட்டிப் பார்க்கும் கணினிகளுக்கும் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அப்படி ஓட்டும் சோதனையில், ஸ்லைடரை நகர்த்தி 300 மில்லிநொடிக்குள் பெட்டியை மூடி, பிறகு அரை நொடி காத்திருங்கள். திருத்தத்தை எடுத்துவிட்டால் இந்தச் சோதனை தோற்க வேண்டும். தோற்காவிட்டால் அது சரியான இடத்தைத் தொடவில்லை.