ஷாக் அப்சார்பர்: அதிர்ச்சியை வாங்குவது அது இல்லை

என் காரின் இடது முன்பக்கம் ஒரு விரற்கடை தாழ்ந்து நின்றது. "ஷாக் அப்சர் போயிருச்சு சார்" என்று இரண்டையும் மாற்றினார்கள். வண்டி அப்படியேதான் சாய்ந்து நின்றது. தளர்ந்திருந்தது ஸ்பிரிங். எடையைச் சுமப்பது அதுதான். ஷாக் அப்சார்பருக்கு அந்த வேலையே கிடையாது. அன்று பணம் வீணானதற்குப் பாதிக் காரணம் அந்தப் பெயர்.

சக்கரம் பள்ளத்தில் விழும்போது அடியை வாங்குவதும் ஸ்பிரிங்தான். அமுங்கும், வாங்கியதை உடனே திருப்பிக் கொடுக்கும். சும்மா விட்டால் வண்டி ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே போகும். அந்த ஆட்டத்தை அடக்கத்தான் கூடவே ஒரு குழாய். அதுதான் ஷாக் அப்சார்பர். உள்ளே எண்ணெய், அதில் ஏறி இறங்கும் பிஸ்டன், பிஸ்டனில் சின்னத் துளைகள். அவற்றின் வழியாக எண்ணெய் திணறிப் போகும்போது ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாகிவிடுகிறது. கரடுமுரடான சாலையில் வெகுதூரம் ஓடிய வண்டியில் குழாயைத் தொட்டால் சுடும்.

பிரிட்டனில் இதை டேம்பர் என்பார்கள். சரியான பெயர். 'டேம்ப்' முதலில் ஆவியை, நச்சுப்புகையைக் குறித்தது. நீராவிக்கு ஜெர்மானியர் சொல்லும் 'டாம்ப்ஃப்' அதன் உறவு. பிறகு மூச்சுமுட்டச் செய்வது, தீயை அமர்த்துவது, ஒலியை அடக்குவது என்று பொருள் விரிந்தது. பியானோவில் கம்பியின் அதிர்வை நிறுத்தும் கட்டைக்கும் டேம்பர் என்றே பெயர்.

தமிழில் 'அதிர்ச்சி உறிஞ்சி', 'அதிர்வுதாங்கி' என்றெல்லாம் எழுதுகிறார்கள். ஆங்கிலப் பெயரின் பிழையும் சேர்ந்தே வந்துவிடுகிறது. போதாததற்கு 'தாங்கி' ஏற்கெனவே பேரிங்குக்குப் போய்விட்ட சொல். 'தணிப்பான்' என்பதே என் தேர்வு. தீயைத் தணி, தாகம் தணி என்று நாம் தினமும் சொல்வதுதானே!

ஸ்பிரிங்குக்குச் சொல் தேடவே வேண்டாம். அடியில் வில் வைத்துக் கட்டிய மாட்டுவண்டியை வில்வண்டி என்றுதான் நம் ஊரில் அழைத்தார்கள். லாரியின் பின்னால் பட்டை பட்டையாக அடுக்கியிருப்பதும் அதே வில். காரில் இருப்பதற்குப் பள்ளிப் பாடப்புத்தகமே சுருள்வில் என்ற சொல்லைத் தந்திருக்கிறது.

அப்புறம் ஸ்ட்ரட். பலர் இதையும் ஷாக் அப்சார்பரையும் ஒன்றாக நினைக்கிறார்கள். கட்டடத்தில் அழுத்தத்தை எதிர்த்து நிற்கும் முட்டுக்கு ஸ்ட்ரட் என்று பெயர். ஏர்ல் மெக்ஃபர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் தணிப்பானையே அப்படி ஒரு முட்டாக நிறுத்தி, சுருள்வில்லையும் அதோடு சேர்த்துவிட்டார். மேல்முனை வண்டியின் உடலோடும் கீழ்முனை சக்கரத்தைத் தாங்கும் பகுதியோடும் பிணைந்திருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் அதுவும் சேர்ந்து திரும்பும். இதை 'முட்டுக்கால்' என்று சொல்லலாம். எல்லா ஸ்ட்ரட்டுக்குள்ளும் தணிப்பான் உண்டு. எல்லாத் தணிப்பானும் ஸ்ட்ரட் ஆகாது.

வில், தணிப்பான் எல்லாம் சேர்ந்த அமைப்புக்கு சஸ்பென்ஷன் என்று பெயர். அந்தச் சொல்லுக்குத் தொங்கவிடுதல் என்று பொருள். பழைய குதிரை வண்டிகளில் பெட்டியைத் தோல்வாரில் தொங்கவிட்டதால் வந்த பெயர். இன்று எதுவும் தொங்கவில்லை, 'தாங்கமைப்பு' பொருந்தும்.

பட்டறைக்குப் போகுமுன் காரின் ஒரு மூலையை அழுத்தி விட்டுப் பாருங்கள். எழும்பி உடனே அமர்ந்தால் தணிப்பான் வேலை செய்கிறது. இரண்டு மூன்று முறை ஆடினால், குழாயில் எண்ணெய் கசிந்திருந்தால், மாற்றவேண்டியது அதைத்தான். ஆட்டமில்லாமல் ஒரு பக்கம் தாழ்ந்து மட்டும் நின்றால், முதலில் வில்லைப் பார்க்கச் சொல்லுங்கள்.