ஸ்ட்ரோப்: சொல் வந்த வழியும் கடலடியில் அது செய்யும் வேலையும்

ஸ்கூபா பயின்று, அடுத்ததாகக் கடலடியில் படமெடுக்க ஆசைப்படுபவர் கேமராவை விசாரிக்கத் தொடங்கியதுமே எதிர்கொள்ளும் சொல் 'ஸ்ட்ரோப்'. கேமராவோடு ஒட்டியிராமல், அதன் இருபுறமும் நீளும் கைகளின் முனையில் நீர்புகாத உறைக்குள் அமர்ந்து, படம் பதியும் கணத்தில் மட்டும் ஒருமுறை பளீரென்று வெட்டி அணையும் விளக்கையே முக்குளிப்போர் இச்சொல்லால் குறிக்கின்றனர். தரையில் இதே வேலையைச் செய்யும் விளக்கை நாம் ஃபிளாஷ் என்று அழைக்கிறோம். இதில் ஒரு குழப்பமும் உண்டு. இரவு முக்குளிப்பில் உடன் வருபவர் கண்ணில் படுவதற்காகக் காற்றுருளையில் மாட்டிக்கொள்ளும், விட்டுவிட்டு மினுக்கும் சிறிய அடையாள விளக்குக்கும் கடைகளில் ஸ்ட்ரோப் என்றே பெயர். விலை மலிவாயிருக்கிறதே என்று அதை வாங்கினால் ஒரு படத்துக்கும் உதவாது.

விந்தை என்னவென்றால், சொல்லின் வேருக்கு நெருக்கமானது அந்த மினுக்கு விளக்குதான். கிரேக்கத்தில் 'ஸ்ட்ரோபோஸ்' என்றால் சுழற்சி, 'ஸ்கோபெய்ன்' என்றால் பார்த்தல். 1830களின் தொடக்கத்தில் வியன்னாவின் சைமன் ஷ்டாம்ப்ஃபர், விளிம்பில் பிளவுகள் கொண்ட வட்டைச் சுழற்றி, பிளவுகளின் வழியே பார்த்தால் தனித்தனி ஓவியங்கள் அசைவதுபோல் தோன்றும் கருவி ஒன்றைச் செய்து, இவ்விரு கிரேக்கச் சொற்களையும் சேர்த்து அதற்குப் பெயரிட்டார். பின்னர், சுழலும் பொருளை விட்டுவிட்டுப் பார்த்து அது நிற்பதுபோலக் காட்டும் எல்லா ஏற்பாடுகளுக்கும் அப்பெயர் பரவியது. 1930களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஹெரால்டு எட்ஜர்டன், வாயு நிரப்பிய குழாயில் மின்தேக்கியின் மின்னூட்டத்தை ஒரே வீச்சில் பாய்ச்சி மிகக் குறுகிய ஒளிவெட்டுகளை உண்டாக்கி, ஓடும் மோட்டாரின் பாகங்களை நின்றவை போலக் கண்டார். அதே குழாயை ஒரே ஒருமுறை வெட்டவிட்டால் அது புகைப்பட விளக்காகிவிடுகிறது. சுழற்சி போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது. 1953 முதல் எட்ஜர்டன், பிரெஞ்சுக் கடலாய்வாளர் ஜாக் கூஸ்தோவின் குழுவோடு சேர்ந்து ஆழ்கடல் கேமராக்களையும் விளக்குகளையும் உருவாக்கினார். கூஸ்தோவின் கலிப்ஸோ கப்பலின் மாலுமிகள் அவருக்கு வைத்த செல்லப்பெயர் 'பாப்பா ஃபிளாஷ்'.

கடலடிக்கு இப்பெயர் வருமுன்பே இந்த வேலை நடந்துவிட்டது. 1926இல் ஃபுளோரிடாவின் டிரை டோர்ட்டுகாஸ் தீவுகளருகே வில்லியம் லாங்லியும் சார்லஸ் மார்ட்டினும் நீரடியில் வண்ணப் படமெடுத்தபோது, மிதவை ஒன்றின் மேல் மக்னீசியத் தூளைக் கொளுத்தித்தான் கடலுக்குள் ஒளி பாய்ச்சினர்.

இதற்குத் தமிழில் என்ன சொல்வது? வேரைப் பின்பற்றிச் 'சுழலொளி' என்றால், அமைச்சர்களின் கார்களில் முன்பு இருந்த சிவப்புச் சுழல் விளக்குதான் வாசகருக்கு நினைவு வரும். 'மின்னொளி' என்பதைக் கபடிப் போட்டிச் சுவரொட்டிகள் எடுத்துக்கொண்டுவிட்டன. அங்கே அது இரவு முழுதும் எரியும் விளக்கு. 'மின்வெட்டொளி' என்று எழுதினால், மின்தடையின்போது ஏற்றும் விளக்கோ என்று ஐயம் எழும். 'மின்னல் வெட்டியது' என்னும் நம் வழக்கில் கணநேர ஒளி, பளிச்சிடல், உடனே மறைதல் ஆகிய மூன்றும் அடங்கியிருப்பதால், முன்னொட்டு இல்லாத 'வெட்டொளி' என்பதே பொருந்தும் என்பது என் கருத்து. புகைப்பட விளக்கை 'வெட்டொளி விளக்கு' என்றும், காற்றுருளையில் மாட்டுவதை 'மினுக்கு விளக்கு' என்றும் பிரித்து வழங்கினால் ஆங்கிலத்தில் இருக்கும் குழப்பம் நமக்கு இராது. பேச்சில் ஸ்ட்ரோப் என்றே சொல்வதில் தவறொன்றும் இல்லை.

இந்த விளக்கு ஏன் தேவைப்படுகிறது என்பதிலிருந்தே எதை வாங்குவது என்பதும் தெளியும். நீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தை. ஏறத்தாழ 5 மீட்டர் ஆழத்திலேயே சிவப்பின் பெரும்பகுதி போய்விடும்; அடுத்து ஆரஞ்சும், பிறகு மஞ்சளும் மங்க, எஞ்சுவது நீலமும் பச்சையும். 18 மீட்டரில் கையைக் கீறிக்கொண்டால் வரும் குருதி பச்சை கலந்த கருப்பாகத் தெரியும். இந்த இழப்பு ஆழத்தால் மட்டுமன்று, ஒளி நீரில் கடக்கும் மொத்தத் தொலைவால் நேர்வது. எனவே விளக்கிலிருந்து மீனுக்குச் சென்று, அங்கிருந்து லென்ஸுக்குத் திரும்பும் இரண்டு தொலைவுகளையும் கூட்டியே கணக்கிட வேண்டும். ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் பவளத்துக்கு ஒளி செல்லும் பாதை இரண்டு மீட்டர். அதற்கு அப்பால் எவ்வளவு வலிய விளக்கும் விரைவில் பயனிழக்கும். ஆகவே தொலைவிலிருந்து பெரிதாக்கிக் காட்டும் லென்ஸுக்குச் செலவிடுவதைவிட, அருகில் சென்றும் அகன்ற காட்சியைப் பிடிக்கும் லென்ஸுக்குச் செலவிடுவது மேல். உறையின் முகப்பு தட்டைக் கண்ணாடியாக இருந்தால், நீரின் ஒளிவிலகலால் பொருள்கள் மூன்றிலொரு பங்கு பெரிதாகத் தோன்றிக் காட்சியும் குறுகிவிடுமாதலால், அகன்ற காட்சிக்குக் குவிமாட வடிவ முகப்பே ஏற்றது.

கேமராவிலேயே இருக்கும் ஃபிளாஷ் போதாதா என்று பலரும் கேட்கின்றனர். வங்காள விரிகுடா போன்று மிதவையுயிர்கள் மிகுந்த நீரில் அதைப் பயன்படுத்திப் பார்த்தால் விடை கிடைக்கும். லென்ஸுக்கு ஒட்டிய இடத்திலிருந்து புறப்படும் ஒளி, லென்ஸுக்கும் மீனுக்கும் இடையில் மிதக்கும் ஒவ்வொரு துகளையும் தாக்கி நேரே திரும்பிவர, படமெங்கும் மாவு தூவியதுபோல் வெண்புள்ளிகள் நிறைந்துவிடும். இதனைப் பின்சிதறல் என்பர். விளக்கை நீண்ட கையில் ஏற்றிப் பக்கவாட்டில் விலக்கி, லென்ஸைவிடச் சற்றுப் பின்தள்ளி, முகத்தை லேசாக வெளிப்புறம் திருப்பி, ஒளிக்கூம்பின் விளிம்பு மட்டும் மீனைத் தொடுமாறு வைத்தால், இடையிலுள்ள நீர் பெரும்பாலும் இருளிலேயே இருந்துவிடும். கையின் நீளத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். வீடியோ விளக்கு தொடர்ந்து எரிவதால் எளிதாகத் தோன்றினாலும், நிழற்படத்துக்குத் தேவையான வலிமையில் அது வெட்டொளிக்கு ஈடாவதில்லை.

உறையைப் பொறுத்தவரை, பாலிகார்பனேட் உறைகள் பல 40 முதல் 60 மீட்டர் வரை தாங்கும். பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லையும் 40 மீட்டரே. மட்டக்களப்புக்கு அப்பால் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கும் ஹெர்மிஸ் என்னும் மூழ்கிய போர்க்கப்பலைக் காண விரும்புவோருக்கு முதலில் வேண்டியது உயர்நிலைப் பயிற்சி; அலுமினிய உறை அதற்குப் பிறகுதான். எந்த உறையானாலும் நீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் ஒரு தலைமயிர் படிந்தாலே நீர் புகுந்துவிடும்.

தொடக்கநிலையாளருக்கு ஓஎம் சிஸ்டத்தின் டிஜி-7 போன்ற சிறு கேமரா, அதற்குரிய 45 மீட்டர் உறை, ஒரே ஒரு வெட்டொளி விளக்கு ஆகியவை போதும். ஷட்டர் வேகத்தை நாமே தீர்மானிக்கும் வசதி அதில் இல்லை; அகன்ற காட்சியில் பின்னணி நீலத்தைக் கட்டுப்படுத்த விரும்புவோருக்கு அது விரைவில் குறையாகத் தெரியும். நெருக்கப் படங்களுக்கு அதை விஞ்சும் மலிவான கேமரா கிடைப்பது அரிது. அதன் உள்ளேயே ஃபிளாஷ் இருப்பது மற்றொரு நன்மை: அந்தச் சிறு ஒளியை ஒளியிழைக் கம்பி வெளியே கடத்த, வெளி விளக்கு அதைக் கண்டு தானும் வெட்டும், உறையில் மின்கம்பிக்காகத் துளையிட வேண்டியதில்லை. பெரிய மிரர்லெஸ் கேமராக்கள் பலவற்றில் இந்த உள் ஃபிளாஷ் இருப்பதில்லையாதலால், அதற்குப் பதிலாக வெளி விளக்குக்குச் சைகை ஒளி தரும், உறைக்குள் பொருத்தும் எல்இடி தூண்டியைத் தனியே வாங்க வேண்டும். அது எந்த உறைக்கு, எந்த விளக்குக்கு இணங்கும் என்பதைக் கேமராவுக்குப் பணம் கட்டும் முன்பே கடையில் கேட்டுவிடுவது நல்லது.