நடுவில் வந்த ஸ்டார்ட் பொத்தானும் 48 இலக்கச் சாவியும்

விண்டோஸ் 11க்கு மாறியவர்கள் என் கடைக்கு வந்ததும் சொல்லும் முதல் புகார், ஸ்டார்ட் பொத்தான் நடுவுக்குப் போய்விட்டது என்பதுதான். செட்டிங்ஸில் டாஸ்க்பார் பகுதிக்குப் போனால் அரை நிமிடத்தில் அதைப் பழையபடி இடது ஓரத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். வலது கிளிக் பட்டியல் சுருங்கிவிட்டது என்பது அடுத்த புகார். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே வலது கிளிக் செய்தால் முழுப் பட்டியலும் வரும். எனக்கும் முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருந்தது.

நான் பயப்படுவது கண்ணுக்குத் தெரியாத ஒரு மாற்றத்துக்கு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, ஏற்கத்தக்க பிராசசர் என்று 11 கேட்கும் தகுதிகள் பழைய கணினிகள் பலவற்றுக்கு இல்லை. பலர் புது மடிக்கணினியே வாங்கிவிட்டார்கள். புது மடிக்கணினியில் மைக்ரோசாஃப்ட் கணக்கு வழியாக நுழைந்ததும், பெரும்பாலானவற்றில் வட்டு முழுவதும் தானாகவே பூட்டப்பட்டுவிடுகிறது. பிட்லாக்கர் என்ற குறியாக்கம் அது. திருடன் கையில் கணினி சிக்கினாலும் கோப்புகள் சிக்காது. நல்ல ஏற்பாடுதான், சாவி உங்களிடம் இருக்கும்வரை.

வரிக் கணக்கு எழுதும் பெரியவர் ஒருவர் சென்ற ஆண்டு வந்தார். மதர்போர்டு பழுதாகி மாற்றிய பிறகு, நீலத் திரையில் 48 இலக்க மீட்பு எண் கேட்டது. அந்த எண் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும் என்றேன். "எனக்கு அப்படி ஒரு கணக்கே கிடையாது தம்பி" என்றார். விசாரித்தபோதுதான் தெரிந்தது: மடிக்கணினியை விற்ற கடைப் பையன், அவசரத்துக்கு ஏதோ ஒரு மின்னஞ்சலை உருவாக்கி, அதைக் கொண்டு கணினியைத் தயார்செய்து கொடுத்திருக்கிறான். அந்த முகவரி அவனுக்கே நினைவில்லை. எண் இல்லாமல் அந்த வட்டை என்னால் மட்டுமல்ல, யாராலும் திறக்க முடியாது. மூன்று வருடக் கணக்கு போயிற்று.

அதனால் புதுக் கணினி வாங்கியவர் யாராக இருந்தாலும், வால்பேப்பர் மாற்றுவதற்கு முன்பே இரண்டு கேள்வி கேட்கிறேன். உள்ளே இருப்பது யாருடைய கணக்கு? மீட்பு எண் எங்கே? அந்தக் கணக்கின் இணையப் பக்கத்தில் எண் இருக்கும். காகிதத்தில் எழுதி வீட்டில் வைத்துக்கொள்ளலாம். பழைய கணினியிலேயே 10லிருந்து 11க்கு மேம்படுத்தியவர்களுக்கு இந்தப் பூட்டு பொதுவாகத் தானாக விழுவதில்லை. ஆனாலும் செட்டிங்ஸில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவும் இப்படித்தான். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றையும் இணையத்தில் சேமிக்கத் தொடங்குகிறது. இலவச இடம் 5 ஜிபிதான். கல்யாண ஆல்பம் ஒன்றே அதை நிரப்பிவிடும். நிரம்பிவிட்டது என்ற அறிவிப்பைப் பார்த்துக் கைபேசியிலுள்ள ஒன்டிரைவ் செயலியிலிருந்து படங்களை அழிக்கிறார்கள். கணினியிலும் அவை மறைந்துபோகின்றன. ஒன்டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும் என்பதால் சிலரைக் காப்பாற்ற முடிந்தது. இரண்டு மாதம் கழித்து வந்தவர்களிடம் என்ன சொல்வது?

மேம்படுத்தியவர்கள் பழைய விண்டோஸுக்குத் திரும்ப 10 நாள் அவகாசம் உண்டு. அச்சுப்பொறி, ஸ்கேனர், பில் போடும் மென்பொருள் எல்லாவற்றையும் அந்த 10 நாளுக்குள் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.

அந்தப் பெரியவர் கையால் எழுதிய பேரேடுகளை வைத்துக் கணக்குகளை மறுபடி ஏற்றிக்கொண்டிருக்கிறார். வட்டை அழித்து, அவர் பெயரிலேயே கணக்குத் தொடங்கிக் கொடுத்தேன். புது மீட்பு எண்ணை லேமினேட் செய்து கொண்டுவந்து காட்டினார். மடிக்கணினியின் அடியில் ஒட்டப் போவதாகச் சொன்னார். அது மட்டும் வேண்டாம் என்று வாங்கி அவருடைய பேரேட்டுக்குள் வைத்தேன்.