இடப்பக்கம் வாய் வைத்த நத்தை

வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ மீன் தொட்டிக்கென்று நீர்ச்செடி வாங்கி வைத்தவர்களுக்கு இந்த நத்தையை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. இலையின் அடியில் பசை போல ஒட்டியிருந்த முட்டைகள் பொரித்து, சில கிழமைகளில் கண்ணாடியெல்லாம் நத்தை. பல வேளைகளில் அது ஃபைசா என்ற பேரினத்தைச் சேர்ந்தது. வட அமெரிக்காவைச் சொந்த ஊராகக் கொண்ட இதன் ஓர் இனம் இப்படித்தான் உலகம் சுற்றியது.

ஃபைசாதானா என்று பார்க்க ஒரு வெற்று ஓடு போதும். கூர்முனை மேலேயும் வாய் உங்களைப் பார்த்தபடியும் பிடியுங்கள். வாய் இடப்பக்கம் இருக்கும். வயல் நத்தை உட்பட மற்றப் பெரும்பாலான நத்தைகளுக்கு வாய் வலப்பக்கம். அப்புறம், வயல் நத்தை உள்ளே போய்க் கதவு போலச் சாத்திக்கொள்ளும் மூடி இதற்கு இல்லை. ஓடு அவ்வளவு மெல்லியது; உயிரோடு இருக்கும்போது உடலின் மஞ்சள் புள்ளிகள் வெளியே தெரியும்.

ஏன் இடப்பக்கம்? ஓடு வளரும் முன்பே, கருவில் நான்கு கலங்கள் எட்டாகும் வேளையில் விடயம் முடிந்துவிடுகிறது. மேலே உருவாகும் நான்கு சிறு கலங்கள் கீழுள்ளவற்றுக்கு நேர் மேலே உட்காராமல் சற்றுத் திரும்பி அமர்கின்றன. மேலிருந்து பார்க்க, கடிகார முள்ளின் திசையில் திரும்பினால் வலப்பக்க ஓடு. எதிர்த்திசை என்றால் ஃபைசா மாதிரி. 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் லிம்னேயா என்ற குளத்து நத்தையின் கருவில், மேலுள்ள அந்தச் சிறு கலங்களை நுண்ணிய கண்ணாடிக் கம்பியால் மறுபக்கம் தள்ளிப் பார்த்தார்கள். ஓடு மட்டுமல்ல, உள்ளுறுப்புகளும் இடம் மாறின.

எனக்குப் பிடித்த பகுதி இனித்தான். திசையைத் தீர்மானிப்பது குஞ்சின் மரபணு அல்ல, தாயின் மரபணு. முட்டைக்குள் தாய் வைத்துவிட்ட பொருட்களே கலங்களைத் திருப்புகின்றன. குஞ்சின் சொந்த மரபணு அது ஈனும் பிள்ளைகளில்தான் தெரியவரும். லிம்னேயாவில் தலைமுறை தாண்டி வந்த இந்தக் குழப்பத்தை 1923இல் அமெரிக்க மரபியலாளர் ஸ்டர்டவன்ட் விளக்கினார். 2019இல் கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையால் ஒரே ஒரு மரபணுவை முடக்கி இடப்பக்க லிம்னேயாவை உருவாக்கியும் காட்டினார்கள்.

ஃபைசாவிலோ பேரினம் முழுவதுமே இடப்பக்கம்தான். மூச்சுத் துளையும் இனப்பெருக்கத் துளையும்கூட இடப்பக்கத்திலேயே இருக்கின்றன.