குணாதிசயம் அன்று, பண்பு

ஆங்கில நாவலாசிரியர் ஜார்ஜ் எலியட் 1859இல் வெளியிட்ட 'ஆடம் பீட்' நாவலைப் பற்றித் தமிழில் பேசுவோர், ஆங்கிலத்தில் 'கேரக்டர்' என்று வரும் இடமெல்லாம் 'குணாதிசயம்' என்றே எழுதிவருகின்றனர். அந்த நாவல் எழுப்பும் கேள்வியையே மறைத்துவிடுகிற சொல் அது.

'கேரக்டர்' கிரேக்க மூலம் உடையது. கீறுதல், செதுக்குதல் என்னும் வினையிலிருந்து பிறந்து, பொறித்த முத்திரையைக் குறித்து, பிறகு ஒருவரின் தனித்தன்மைக்கு ஆகிவந்தது. கதையில் வரும் ஆளையும் அது குறிக்கும். அதற்குக் 'கதைமாந்தர்' என்ற நல்ல சொல் நம்மிடம் உண்டு.

குணாதிசயத்துக்கு வருவோம். வடமொழியில் 'அதிசயம்' என்பது மிகுதி, மேம்பாடு. ஆகவே 'குணாதிசயம்' என்றால் குணச் சிறப்பு என்றே பொருள்படும். ஒருவரின் கோழைத்தனத்தையும் பொய்யையும் அந்தத் தலைப்பின்கீழ் வரிசைப்படுத்துவது எப்படிப் பொருந்தும்? 'அதிசயம்' என்ற பகுதியை விட்டுவிட்டாலும் இடர் தீராது. 'குணம்நாடிக் குற்றமும் நாடி' என்னும் குறளில் குணம் குற்றத்துக்கு எதிராக, நன்மை என்ற பொருளில் நிற்கிறது. பேச்சு வழக்கிலோ அது பிறப்போடு ஒட்டியது. பிறவிக் குணம் பொங்கலிட்டாலும் போகாது என்கிறோம். எலியட் காட்டுவது இவ்விரண்டுக்கும் மாறானது.

1799இல் ஹேஸ்லோப் என்னும் ஆங்கிலக் கிராமத்தில் நடக்கும் கதை இது. நிலக்கிழாரின் பேரன் ஆர்தர் டானிதார்ன், பண்ணை வீட்டில் வளரும் ஹெட்டி சாரல் என்னும் ஏழைப் பெண்ணிடம் மனம் தடுமாறுகிறான். அவளைச் சந்திக்காமலிருக்க வேண்டுமென்று குதிரையேறி நண்பன் வீட்டுக்குப் போகிறவன், அவள் வரும் நேரத்துக்குத் தோப்பில் இருக்கும்படி விரைந்து திரும்பிவிடுகிறான். பிறிதொரு காலையில், எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்று உறுதிசெய்துகொண்டு பாதிரியார் இர்வினின் உணவு மேசைக்கு வருகிறான். அவரும் பேச்சை அந்தப் பக்கமே திருப்பி, உன்னைப் பற்றித்தான் சொல்கிறாயா என்று கேட்கிறார். அப்போது அவன் பின்வாங்கி, சொல்லாமலே எழுந்து போகிறான். பின்னாளில் ஹெட்டி தன் சிசுவைக் கைவிட்டு, கொலைக் குற்றவாளியாகத் தூக்குத் தண்டனை பெறும் நிலைக்கு வருவதற்கு அந்த மௌனமும் ஒரு காரணம். தன் குறைகள்கூடத் தாராள மனத்தின் குறைகளே என்று நம்பியிருந்தவன் ஆர்தர். அவனுடைய 'குணாதிசயம்' என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர், அவன் தன்னைப் பற்றிக் கொண்டிருந்த மதிப்பையே வாசகருக்கும் கொடுத்துவிடுகிறார்.

நம் செயல்களை நாம் தீர்மானிப்பது போலவே அவையும் நம்மைத் தீர்மானிக்கின்றன என்று எலியட் இந்நாவலிலேயே எழுதுகிறார். 'மிடில்மார்ச்' நாவலில் இன்னும் தெளிவாக, கேரக்டர் பளிங்கில் வெட்டியதன்று, உயிருள்ளது, மாறக்கூடியது, உடலைப் போல நோயுறவும் கூடியது என்று ஒரு பாதிரியார் வாயால் சொல்லவைக்கிறார். இதற்குத் தமிழில் பொருந்துவது 'பண்பு'. 'பண்பெனப் படுவது பாடறிந் தொழுகுதல்' என்ற கலித்தொகை அதை ஒழுகுதலாகவே வரையறுக்கிறது. பண்பட்ட நிலம், பண்படாத மனம் என்னும் வழக்குகளில் உழைப்பால் உருவாவதும் கவனிப்பின்றிக் கெடுவதுமான பொருள் இன்றும் உயிரோடிருக்கிறது. மணி ஆறு அடிக்கத் தொடங்கியதும் மற்றத் தச்சர்கள் கருவிகளைப் போட்டுவிட, ஆடம் மட்டும் வேலையில் நின்று அவர்களைக் கடிந்துகொள்ளும் 'ஆடம் பீட்' முதல் அத்தியாயக் காட்சிக்கு இச்சொல் எவ்வளவு இயல்பாகப் பொருந்துகிறது!

'ஒழுக்கம்' என்று சொல்லலாகாதா எனச் சிலர் கேட்பர். வேரளவில் அதுவும் சிறந்ததே. ஆனால் இன்றைய வழக்கில் பாலொழுக்கம் என்ற அளவுக்குக் குறுகிவிட்டது. ஹெட்டியின் ஒழுக்கம் என்று எழுதினால், எலியட் இரக்கத்தோடு அணுகிய பெண்ணை ஊர் வாய்க்கு விட்டுக்கொடுத்ததாகும். 'மாரல் சாய்ஸ்' என்பதற்கு இதே அவசரத்தில் உருவானதுதான் 'ஒழுக்கத் தேர்வு' என்ற தொடர். தேர்வு என்றதும் வினாத்தாளை நினைக்கும் மாணவருக்கு அது என்ன உணர்த்தும்? ஆர்தர் அந்த உணவு மேசையில் தட்டிக்கழித்தது 'அறமுடிவு' என்று எழுதினால், எந்த வாசகருக்கும் விளங்கும்.