மூணு நாள் கடல், நாலு நாள் கடல்

பாக் ஜலசந்திக் கரையில் மீனவர் சமரசக் கூட்டங்களில் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன். மீன் குறைந்துபோச்சு என்று பேச்சு ஆரம்பித்தால் சண்டை வராது, எல்லோரும் தலையாட்டுவார்கள். யாராவது அறுந்த நண்டு வலையைக் கொண்டுவந்து நடுவில் போட்டால்தான் குரல் உயரும்.

நாட்டுப்படகுக்காரர் தரையோடு வலையை இறக்கிவிட்டுக் கரைக்கு வந்துவிடுவார். ராத்திரி அந்தப் பக்கம் விசைப்படகின் இழுவைமடி, அதாவது கடல் தரையை வாரி இழுக்கும் வலை, போனால் அவ்வளவுதான். வலையும் போச்சு, வட்டிக்கு வாங்கிய பணமும் போச்சு. 1970-களின் கடைசியில் இதனால் மோதல்களே நடந்தன. அதன் பிறகு வந்த ஏற்பாடுதான் ராமநாதபுரம் பக்கம் நடைமுறையில் உள்ள 'மூணு நாள், நாலு நாள்': வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, மீதி நாட்டுப்படகுக்கு. 1983-ல் வந்த தமிழ்நாட்டுச் சட்டமோ கரையை ஒட்டிய 3 கடல் மைலை நாட்டுப்படகுக்கு ஒதுக்கியது.

இந்த ஏற்பாட்டை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பங்கு போட்டது நாளைத்தான், மீனை அல்ல. மூன்று நாளில் எவ்வளவு பிடிக்கலாம் என்பதற்கு வரம்பு இல்லை. எஞ்சின் பெருத்தது, மடியின் கண் சிறுத்தது. கண் 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று விதி இருக்கிறது. தீவனத்துக்குப் போகும் சங்காயக் (கழிவுமீன்) குவியலில் கிடக்கும் குஞ்சுகளைப் பார்த்தால் அதன் கதி தெரியும். 2017-ல் வருடாந்தர மீன்பிடித் தடைக்காலத்தை 45 நாளிலிருந்து 61 நாளாக்கினார்கள். நல்லதுதான். ஆனால் தடை முடிந்து ஜூன் 15 முதல் அத்தனை மடியும் ஒரே நேரத்தில் இறங்குகிறது.

கரையோரம் மூன்று மைல் போக, இலங்கைக் கடல் எல்லைக்கோடு வரை மிஞ்சுவது குறுகிய பட்டை. அதில் பாடு (மீன் வரவு) இல்லாததால் படகுகள் கோட்டைத் தாண்டுகின்றன. போர் முடிந்து கடலுக்குத் திரும்பிய யாழ்ப்பாண, மன்னார் மீனவரும் அதே அறுந்த வலையைத்தான் காட்டுகிறார். இலங்கை 2017-ல் இழுவைமடியையே தடை செய்துவிட்டது. இங்கே ஆழ்கடல் படகுக்கு மாற மானியம் கொடுக்கிறார்கள். ஒரு ராத்திரியில் போய்வந்து பழகியவருக்கு நாள்கணக்கில் கடலில் கிடப்பது வேறு தொழில். டீசல் கணக்கும் வேறு.

நாட்டுப்படகு வைத்திருப்பவர்களிடம் ஒன்று சொல்வேன். வலை அறுந்தால் அன்றைக்கே படம் எடுத்து, இடத்தையும் நேரத்தையும் குறித்து மனு கொடுங்கள். கூட்டம் கூடட்டும் என்று பத்து நாள் விட்டால், அறுத்தது எந்தப் படகு என்பதிலேயே பேச்சு நின்றுவிடும்.