ஒரு ஷாட் கிளாக் பின்னால்: கேபிள் இல்லாமல் வரும் கூடைப்பந்து நேரலை

அமெரிக்காவில் என்.பி.ஏ. என்ற தொழில்முறை லீக்கின் கூடைப்பந்தைப் பார்க்க இப்போது கேபிள் இணைப்பு கட்டாயமில்லை. 2025-26 பருவத்தில் தொடங்கிய 11 ஆண்டு ஒளிபரப்பு ஒப்பந்தத்தின் மதிப்பு சுமார் 7,600 கோடி டாலர். டிஸ்னி, என்பிசி யுனிவர்சல், அமேசான் ஆகிய மூன்றும் அதைப் பகிர்ந்துகொண்டன. மூன்றுமே இணையத்தில் நேரலை தருகின்றன: ஈஎஸ்பிஎன் செயலி, பீகாக், பிரைம் வீடியோ.

ஆனால் இணையத்தில் பார்ப்பவர்கள் எல்லோருக்கும் ஒரு எரிச்சல் உண்டு. பந்து வளையத்துக்குள் விழுந்துவிட்டது என்று கைபேசிக்குச் செய்தி வந்துவிடும். திரையிலோ அந்த வீரர் அப்போதுதான் பந்தைத் தட்டியபடி நடுக்கோட்டைத் தாண்டிக்கொண்டிருப்பார். இணைப்பு மெதுவாக இருக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இன்னும் வேகமான இணைப்புக்குப் பணம் கட்டினாலும் அந்தத் தாமதம் பெரிதாகக் குறையாது. அதில் பெரும்பகுதி வேண்டுமென்றே வைக்கப்பட்டது.

ஏன் என்று பார்க்க, அரங்கில் இருக்கும் கேமராவிலிருந்து தொடங்குவோம். அகலத்தில் 1920 புள்ளி, உயரத்தில் 1080 புள்ளி, ஒரு புள்ளியின் நிறத்துக்கு 24 பிட், வினாடிக்கு 60 படங்கள். பெருக்கிப் பார்த்தால் வினாடிக்கு ஏறத்தாழ 300 கோடி பிட் வருகிறது. வீட்டு இணைப்பில் இதை அப்படியே அனுப்ப முடியாது. நம் திரைக்கு வந்து சேர்வது வினாடிக்கு 60 முதல் 80 லட்சம் பிட்தான். அதாவது நானூறு, ஐந்நூறு பங்கில் ஒரு பங்கு. மீதியை எங்கே விட்டார்கள்?

2003-இல் வந்த எச்.264 போன்ற சுருக்கும் முறைகள் ஒவ்வொரு படத்தையும் முழுதாக அனுப்புவதில்லை. முதலில் ஒரு முழுப் படம் போகும். அடுத்தடுத்த படங்களுக்கு, முந்தைய படத்தின் எந்தக் கட்டம் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்ற குறிப்பும், அதில் விட்டுப்போன சிறு வித்தியாசமும் மட்டும் போகும். ஆடுகளத்தின் மரத்தரை பெரும்பாலும் மாறுவதில்லை. கேமரா பக்கவாட்டில் திரும்பினாலும் தரை முழுவதும் ஒரே திசையில்தான் நகர்கிறது, அதைச் சொல்ல அதிக பிட் வேண்டாம். கைகளை ஆட்டிக் குதிக்கும் கூட்டம்தான் சிக்கல். அதைவிடப் பெரிய சிக்கல், கோப்பை வென்றதும் மேலிருந்து கொட்டும் வண்ணக் காகிதத் துண்டுகள். ஒவ்வொரு துண்டும் தன் போக்கில் சுழன்று விழும், அதனால் முந்தைய படத்தை வைத்து அடுத்ததைக் கணிக்கவே முடியாது. பருவம் முழுக்கக் காத்திருந்த அந்த நொடியில் படம் கட்டம் கட்டமாகச் சிதைந்து தெரிந்தால் காரணம் இதுதான்.

சுருக்கிய படம் அப்புறம் துண்டு துண்டாக வெட்டப்படுகிறது. 2009-இல் ஆப்பிள் கொண்டுவந்த எச்எல்எஸ் முறையில் ஒரு துண்டு வழக்கமாக 6 வினாடி நீளம். ஒவ்வொரு துண்டும் ஒரு தனிக் கோப்பு. இருப்பவற்றில் புதியது எது என்று ஒரு பட்டியலைப் பார்த்து, செயலி அவற்றை வரிசையாக இறக்கிக்கொள்கிறது. தாமதம் பிறப்பது இங்கேதான். ஒரு துண்டு முழுதாக ஆகாமல் அதை அனுப்ப முடியாது, அதற்கே 6 வினாடி போய்விடும். செயலியும் கடைசித் துண்டைக் கையில் எடுத்ததும் ஓட்டத் தொடங்காது. பட்டியலின் முடிவிலிருந்து மூன்று துண்டுகளாவது பின்னால்தான் தொடங்கும். குழாயில் வரத்து நின்றாலும் தொட்டியில் தண்ணீர் இருப்பதுபோல, இணைப்பு சில வினாடி தடுமாறினாலும் ஆட்டம் நிற்காமல் ஓட அந்த இருப்பு வேண்டும். சுருக்கும் நேரம், பயண நேரம் எல்லாம் சேர்ந்தால் தாமதம் எளிதில் 25, 30 வினாடியைத் தொடும். 1954 முதல் என்.பி.ஏ.வில் ஷாட் கிளாக், அதாவது பந்தை வைத்திருக்கும் அணி அதை வளையத்தை நோக்கி எறிய வேண்டிய கால வரம்பு, 24 வினாடி. ஆக, இணையத்தில் பார்ப்பவர் ஏறக்குறைய ஒரு முழுத் தாக்குதல் பின்தங்கியிருக்கிறார்.

இந்தத் துண்டுகளால் ஒரு பெரிய நன்மையும் உண்டு. 10 லட்சம் பேர் ஒரே ஆட்டத்தைப் பார்த்தால், ஆளுக்கு 60 லட்சம் பிட் வீதம் வினாடிக்கு 6 லட்சம் கோடி பிட் அனுப்ப வேண்டும். இணையத்தில் ஒவ்வொருவருக்கும் தனிப் பிரதி போகிறது. துண்டுகள் சாதாரணக் கோப்புகளாக இருப்பதால், பார்வையாளர்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஆயிரக்கணக்கான சர்வர்களில் அவற்றை நகலெடுத்து வைக்க முடிகிறது. அரங்கிலிருந்து வரும் மூலப் பிரதி அந்த சர்வர்களுக்கு மட்டும் போனால் போதும். 1998-இல் எம்ஐடியில் இருந்தவர்கள் தொடங்கிய அகமாய் நிறுவனம் வளர்த்தெடுத்த வழி இது. இது இல்லாவிட்டால் இணையத்தில் இறுதிப்போட்டி என்பதே நடக்காது.

தரம் திடீரென மங்கித் தெளிவதும் இந்த ஏற்பாட்டின் பகுதிதான். ஒவ்வொரு துண்டும் பல தரங்களில் தயாராக இருக்கும். முந்தைய துண்டு எவ்வளவு வேகத்தில் வந்தது என்று செயலி அளந்து, அடுத்ததை எந்தத் தரத்தில் கேட்பது என்று முடிவு செய்யும். டிவியை ரவுட்டரோடு ஒரு ஒயரால் இணைத்துவிட்டால் இந்த ஏற்ற இறக்கம் பெருமளவு அடங்கும். நான் முதலில் சொல்லும் யோசனை அதுதான்.

என்.பி.ஏ.வின் சொந்த இணையச் சந்தாவான லீக் பாஸ் வாங்கியவர்களைக் கோபப்படுத்துவது வேறொன்று: சொந்த ஊர் அணியின் ஆட்டம் மட்டும் நேரலையில் திறக்காது. இதில் தொழில்நுட்பக் கோளாறு எதுவும் இல்லை. அந்த வட்டாரத்தின் உரிமை வேறு ஒளிபரப்பாளரிடம் இருக்கிறது. ஐபி முகவரியையும் கைபேசியின் இருப்பிடத்தையும் பார்த்து பூட்டி அனுப்பப்படும் அந்த ஆட்டத்தைத் திறக்கும் டிஜிட்டல் சாவியைத் தர சர்வர் மறுக்கிறது. காசு கொடுத்த ரசிகர் தன் அணியைத்தான் பார்க்க முடியவில்லை என்பது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். திருட்டு இணைப்புகள் இதற்குத் தீர்வல்ல. அவை ஏற்கெனவே சுருக்கிய படத்தை மீண்டும் சுருக்கி அனுப்புகின்றன, தாமதமும் கூடும், தெளிவும் போகும்.

சரி, மாதச் சந்தாவே இல்லாமல் பார்க்க வழி உண்டா? உண்டு, அது பழைய வழி: ஆன்டெனா. இறுதிப்போட்டிகளைக் காட்டும் ஏபிசியும், பருவத்தில் பல ஆட்டங்களைக் காட்டும் என்பிசியும் அமெரிக்க வீடுகளுக்குக் காற்றலையில் இலவசமாக வருகின்றன. 2009 ஜூனில் அங்கே முழுச் சக்தி நிலையங்கள் எல்லாம் டிஜிட்டலுக்கு மாறின. ஒரு சேனலின் 6 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வினாடிக்கு சுமார் 1.9 கோடி பிட் போகிறது. கோபுரம் ஒருமுறை அனுப்பினால் போதும், ஒருவர் பார்த்தாலும் பத்து லட்சம் பேர் பார்த்தாலும் அதற்கு ஒன்றுதான். தாமதமும் சில வினாடிதான். ஆன்டெனாவை ஒரு நெட்வொர்க் ட்யூனர் பெட்டியில் செருகினால் அதே படத்தை வீட்டு வைஃபை வழியாகக் கைபேசியிலும் பார்க்கலாம். கோபுரம் இருக்கும் திசையில், மலையோ உயர்ந்த கட்டடமோ மறைக்காத ஜன்னலோரம் வைத்துவிட்டு ட்யூனரில் சேனல்களைத் தேடவிட வேண்டும், அவ்வளவுதான் வேலை.